நாற்காலி பார்க்கப் பூந்தமல்லிக்கு

காலை 7.40. ஆடி மாத வெள்ளிக்கிழமை. மேனாம்பேட்டில் எங்கள் தெருமுனையில் ஷேர் ஆட்டோ கிடைத்தது. அம்பத்தூர் எஸ்டேட் வரை இருபது ரூபாய். வழக்கமாக நான் ஏறுகிற ஆட்டோதான், வழக்கமான நேரம்தான். ஆனால் அன்று விசேஷத்துக்கு என்று வைத்திருந்த பச்சைப் புடவையைக் கட்டியிருந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னாக்கா, கோயிலுக்கா?”

“பூந்தமல்லிக்கு.”

“பூந்தமல்லிக்கா இம்மாம் பெரிய பார்டரு?”

ஆட்டோவே சிரித்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டேன். அவள் கேட்டதில் தப்பில்லை. பூந்தமல்லி எங்களுக்குத் தூர தேசம் இல்லை. சுற்றிக்கொண்டு போனாலும் இருபது கிலோமீட்டர் இருக்கும். ஜவுளி எடுக்க ஒரு முறையும் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு ஒரு முறையும் போயிருக்கிறேன். ஆனால் கம்பெனி வேனில், கம்பெனி சம்பளத்தில், ஒன்றைப் பார்த்துவிட்டு வா என்று என்னை யாரும் எங்கேயும் அனுப்பியது கிடையாது. பார்க்கப் போனது நாற்காலி. அதனால் அந்தப் பயணத்தை எழுதி வைக்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆயத்த ஆடை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் வேலை பார்க்கிறேன். செக்கிங் பிரிவு. தைத்து வரும் சட்டையை மேஜையில் விரித்து, பிசிர், கறை, பொத்தான், தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை இன்னொரு பக்கமும் தள்ள வேண்டும். தைக்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். செக்கிங்கில் இருப்பவர்கள் நிற்பார்கள். உட்கார்ந்தால் கண் சொக்கும், தப்பு தெரியாது என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் சொல்கிற பேச்சு. பல வருடம் நாங்களும் அதை நம்பினோம்.

எங்கள் சட்டைகளை வாங்குவது வெளிநாட்டில் பெரிய கடைகள் வைத்திருக்கும் ஒரு கம்பெனி. பையர் என்று சொல்வோம். அந்தப் பையர், தைத்துக் கொடுக்கும் கம்பெனிகள், தொழிலாளர்களுக்காகப் பேசும் ஒரு தொண்டு நிறுவனம், எல்லாரும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கிறார்கள். எந்த நாட்டில் தைத்தாலும் தைக்கிறவர்களுக்கு இன்னின்ன உரிமைகள் உண்டு, அவற்றைத் தருவோம் என்று தாங்களாக முன்வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கட்டாயம் கிடையாது. மீறினால் போலீஸ் வராது. அந்த உரிமைகளைப் படமாகப் போட்டு, தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி, எங்கள் கேன்டீன் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு படத்தில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து சட்டை பார்க்கிறாள்.

அந்தப் படத்துக்கு எதிரில்தான் கஸ்தூரி தினமும் சாப்பிட உட்காருவாள். கஸ்தூரி என் மேஜையில் எனக்கு நேர் எதிரே நிற்பவள். அந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நெடுநேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ ஒரு காலை மேஜையின் அடிக்கட்டையில் வைப்பாள், பிறகு மற்றதை வைப்பாள். மதியம் தாண்டினால் உதடு வெளுத்துவிடும். கணவர் இல்லை. அவள் சம்பளத்தில்தான் மகள் படிக்கிறாள்.

நாற்காலி கேட்டு, நிர்வாகத்தோடு தொழிலாளர்களும் உட்காரும் எங்கள் கம்பெனி கமிட்டியில் பேச்சு வந்தபோது, பூந்தமல்லிப் பக்கம் இதே பையருக்குத் தைக்கும் இன்னொரு கம்பெனியில் செக்கிங்குக்கு நாற்காலி போட்டுவிட்டார்கள், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்கள். தொழிலாளர் சார்பில் இரண்டு பேர். கட்டிங் பிரிவிலிருந்து பாபு. செக்கிங்கிலிருந்து நான். நான் கமிட்டியில் இருப்பதே, வேறு யாரும் கை தூக்காமல் போக, என் பெயரை எழுதிக்கொண்டதால்தான்.

முந்தின நாள் மாலை கஸ்தூரி கேட் வரை கூடவே வந்தாள்.

“அக்கா, போய்ட்டு வந்து நெஜத்த சொல்லு. சேர் வருமா, வராதா? வராதுன்னா இந்த ஆடியோட நின்னுக்கிறேன். நாலு ஊட்ல பாத்திரம் தேச்சாலும் நடுவுல குந்தலாம்.”

“சரி” என்றேன்.

“சரின்னு மட்டும் சொல்லாத. அங்க வாயத் தொறந்து கேளு.”

காலை 8.30. எஸ்டேட்டிலிருந்து வேன் கிளம்பியது. முன் சீட்டில் எங்கள் எச்.ஆர். சேகர் சார். பின்னால் பாபுவும் நானும். டிரைவர் பாடி ஊர்க்காரர், பெயர் கன்னியப்பன். எல்லாரையும் வைத்து விளையாடுகிறவர்.

திருவேற்காடு வழியாகப் போனால் சீக்கிரம். ஆனால் ஆடி வெள்ளி என்பதால் அந்த ரோட்டில் அம்மன் கோயிலுக்குப் போகும் மஞ்சள் புடவைக் கூட்டம் அலைமோதும். தவிர, ஆவடி ஸ்டேஷனில் ஒருவரை ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அதனால் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு, திருமுல்லைவாயல் வழியாகப் போனோம். பஸ், தண்ணீர் லாரி, கண்டெய்னர் எல்லாம் ஒரே வரிசையில் நகர்ந்தன. ஒவ்வொரு தெருமுனையிலும் வேப்பிலைத் தோரணமும் ஸ்பீக்கரும் இருந்தன. ஒரு பாட்டு முடியும் முன் அடுத்த தெருப் பாட்டு ஆரம்பித்துவிடும்.

ஆவடி ஸ்டேஷன் வாசலில் வித்யா மேடம் ஏறிக்கொண்டார். அந்தத் தொண்டு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் அவர். வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருகிறார். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். எந்தக் கம்பெனிக்கு என்றைக்குப் போகிறோம் என்பதை முன்கூட்டியே அந்தக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், அது கூட்டமைப்பின் விதி என்று வழியில் அவரே சொன்னார்.

கன்னியப்பன் கண்ணாடியில் அவரைப் பார்த்துக் கேட்டார்.

“மேடம், ஒரு டவுட்டு. கட்டாயமே இல்லன்றீங்கோ. அப்பறம் ஏன் மொதலாளி செய்வாரு?”

“பையர் பார்க்கிறாங்கண்ணா. செய்யலன்னா ஆர்டர் குறையலாம். நல்ல பேரும் முக்கியம்.”

“கொறையும்றீங்களா, கொறையலாம்றீங்களா?”

வித்யா மேடம் கொஞ்சம் யோசித்தார். “கொறையலாம்.”

“அப்ப ஹெல்மெட்டு மாதிரின்னு சொல்லுங்கோ. போலீசு நிக்கிற சிக்னல்ல மட்டும் தலையில ஏறும். மத்த நேரம் டேங்க் மேல குந்திகினு இருக்கும்.”

“கன்னியப்பா, ரோட்டப் பாத்து ஓட்டு” என்றார் சேகர் சார். ஆனால் அவரும் சிரித்தார். வித்யா மேடமும் சிரித்தார். பிறகு, “ஹெல்மெட்டும் போட்டுப் போட்டுதாண்ணா பழகும்” என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

ஆவடியில் பாதுகாப்புத் துறைக் குடியிருப்புகளின் நீளச் சுவர் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே மரங்கள், ஒரே மாதிரி வீடுகள். அப்புறம் பூந்தமல்லி ரோட்டில் திரும்பினோம். பருத்திப்பட்டு ஏரியில் தண்ணீர் பாதிக்கு இருந்தது. நடைப்பயிற்சி முடித்தவர்கள் கரையோரம் அருகம்புல் சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். டம்ளர் இருபது ரூபாய் என்று அட்டை மாட்டியிருந்தது. காடுவெட்டியில் பாலத்தின் கீழே கூவம் ஓடியது. ஊருக்குள் நாம் மூக்கைப் பிடிக்கிற அதே ஆறு, இங்கே நாணல் முளைத்து, கொக்கு நின்று, ஆறு மாதிரியே இருந்தது. பாபு அதைப் போட்டோ எடுத்தான்.

காலை 9.50. சென்னீர்குப்பத்தில் மெயின் ரோட்டைவிட்டு ஒரு சந்துக்குள் போனோம். கம்பெனி வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. பன்னீர் தெளித்தார்கள். சந்தனம் நீட்டினார்கள். கழுத்தில் ‘விருந்தினர்’ என்று எழுதிய அட்டையை மாட்டினார்கள். பாபு ரோஜாப்பூவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, “பொண்ணு பாக்க வந்த மாதிரி கீதுக்கா” என்று என் காதில் சொன்னான்.

அங்கே மேனேஜர் ஐம்பது வயதுக்காரர், மரியாதையாகப் பேசினார். தையல் லைன்களைக் காட்டிக்கொண்டே செக்கிங்குக்கு அழைத்துப் போனார்.

நாற்காலி இருந்தது. ஒவ்வொரு மேஜைக்கும் இரண்டிரண்டாக, கைவைத்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். முதுகுப்பக்கத்தில் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. பெண்கள் உட்கார்ந்து சட்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரி இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் நின்று பார்த்ததில் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. மேஜை நின்று பார்க்கிற உயரம், நாற்காலி பந்தியில் போடுகிற உயரம். ஆகவே மேஜையில் விரிக்க முடியாமல் சட்டையை மடியில் போட்டுப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் நடந்து வந்தபோது ஒரு வரிசையே படபடவென்று எழுந்தது. அவர் பதறிப்போய், கையை மேலும் கீழும் ஆட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார்கள். அவர் திரும்பி வந்தபோது மறுபடி எழுந்தார்கள்.

வித்யா மேடம் மேனேஜரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒதுங்கி நின்றேன். அப்போது என் கழுத்து அட்டையின் கொக்கி கழன்று அட்டை கீழே விழுந்து, ஒரு நாற்காலிக்கு அடியில் போய்விட்டது. எடுக்கக் குனிந்தேன்.

நாற்காலியின் அடிப்பக்கத்தில் நீலப் பெயின்டில் ‘தேவா, மேனாம்பேடு’ என்று எழுதியிருந்தது. பக்கத்து நாற்காலியிலும் அதேதான். அதற்கடுத்ததிலும்.

தேவா எங்கள் தெருக்கோடியில் பந்தல் கடை வைத்திருப்பவன். கல்யாணம், காதுகுத்து, சாவு எதுவானாலும் நாற்காலி, மேஜை, பாத்திரம் எல்லாம் அவனிடம்தான். ஒரே மண்டபத்துக்கு இரண்டு கடைக்காரர்கள் நாற்காலி போட்டால் கலந்துபோகும் என்பதால் பந்தல்காரர்கள் எல்லாரும் முதுகில் கடைப் பெயரை அச்சடிப்பார்கள். தேவா அதோடு நிற்காமல் அடியிலும் எழுதுவான். டேப் ஒட்டியவர்களுக்கு முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

அட்டையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

மதியம் 12.45. சாப்பாட்டுக்கு கேன்டீனுக்குப் போனோம். சாம்பார், முட்டைக்கோஸ், அப்பளம், அன்றைக்கு மட்டும் வடை. கை கழுவும் இடத்தில் எனக்குப் பின்னால் நின்ற பெண் பேச்சுக் கொடுத்தாள். பெயர் ரெஜினா என்றாள். செக்கிங்கில் மூன்றாவது மேஜையில் பார்த்த முகம்.

“எங்கருந்துக்கா வரீங்கோ?”

“அம்பத்தூர். நானும் செக்கிங்தான்.”

“அங்க சேரு கீதா?”

“இல்லம்மா.”

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் சொன்னாள்.

“இங்க மட்டும்? நீங்கோ வந்ததால இன்னிக்கு குந்திகினு கீறோம். காத்தால வண்டில வந்து எறங்குச்சு, சாயந்தரம் ஏறிடும். அடிக்கடி வாங்கக்கா, எங்க காலு உங்களுக்குக் கும்புடு போடும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். உடனே அவள் முகம் மாறியது.

“யக்கா, அந்த மேடம் கைல போட்டுக் குடுத்துறாத. யார் சொன்னான்னு தேடுவாங்கோ. நாந்தான் உன்கூட நின்னேன்னு பத்து பேரு பாத்துகினு கீறாங்கோ.”

“மாட்டேன்” என்றேன்.

வடையைச் சாப்பிட முடியவில்லை. சொன்னால் ரெஜினாவுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் ‘சிறப்பாக இருக்கிறது’ என்று ஆகிவிடும். எங்கள் கம்பெனியும் இதே சிறப்பைச் செய்யும். கஸ்தூரி ஒரு நாள் மட்டும் உட்காருவாள்.

பிற்பகல் 2.30. ஏ.சி. அறையில் கூட்டம். பிஸ்கட், டீ. மேனேஜர் பேசினார். இந்த ஏற்பாட்டை யாரும் தங்கள் தலையில் கட்டவில்லை, முழு மனதோடு தாங்களே செய்வது, இன்னும் என்ன சொன்னாலும் செய்யத் தயார் என்றார். அடுத்து சேகர் சார். “எங்க கம்பெனியும் முழு மனசோட இதே மாதிரி செஞ்சு காட்டும். அடுத்த மாசம் நீங்க வந்து பாருங்க” என்றார். இதே மாதிரி என்றால் எந்த மாதிரி என்று எனக்குத் தெரியும்.

தொழிலாளர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று வித்யா மேடம் கேட்டார். பாபு எழுந்து ஐந்து நிமிடம் பேசினான். கம்பெனி கோயில் மாதிரி இருக்கிறது, சாம்பார் வீட்டுச் சாம்பார் மாதிரி இருக்கிறது, நாற்காலி ராஜா நாற்காலி மாதிரி இருக்கிறது என்றான். எல்லாரும் கைதட்டினார்கள்.

பிறகு மேடம் என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்கம்மா. செக்கிங்ல இருக்கிறவங்க நீங்கதானே.”

எழுந்து நின்றேன். அந்த அறையில் என்னைத் தவிர எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தில் நின்று பேசிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை, கேள்வி கேட்பார்களோ என்று கடைசி வரிசையில் குனிந்தே உட்கார்ந்து வந்தவள் நான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பெண் டீ டம்ளர்களை எடுத்துப் போனாள். ரெஜினா இல்லை. ஆனாலும் ரெஜினா என்றே தோன்றியது.

“சேர் நல்லா இருக்கு” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக, “அடிக்கடி வந்து போனா நல்லா இருக்கும்” என்றேன்.

“யாரு, நீங்க இங்கயா?” என்றார் மேனேஜர்.

“நாங்க ரெண்டு பேர் இங்க. இங்க செக்கிங்லருந்து ரெண்டு பேர் அங்க. வாராவாரம். வெள்ளிக்கிழமை.”

யோசித்து, திட்டம் போட்டுச் சொன்னேன் என்று எங்கள் கம்பெனியில் இப்போது சிலர் சொல்கிறார்கள். அப்படியில்லை. ரெஜினாவைக் காட்டிக் கொடுக்காமல் சொல்வதற்கு, அவள் சொன்னதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. வெள்ளிக்கிழமை என்றது அன்று வெள்ளிக்கிழமை என்பதால்.

மேனேஜர் சேகர் சாரைப் பார்த்தார். சேகர் சார் டீயைப் பார்த்தார். வித்யா மேடம் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ரொம்ப நல்ல யோசனைம்மா! தொழிலாளர்களே ஒருத்தர் கம்பெனிய ஒருத்தர் பார்க்கிறது. இதை பையர்கிட்ட இன்னிக்கே சொல்றேன். ரெண்டு கம்பெனிக்கும் சம்மதம்தானே சார்?”

முழு மனதோடு என்று இரண்டு பேரும் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்கள். கட்டாயம் என்றால் முடியாது என்று சொல்லியிருக்கலாம். விருப்பம் என்று சொன்ன பிறகு என்ன சொல்வது?

“சம்மதம்” என்றார் மேனேஜர். “சம்மதம்” என்றார் சேகர் சார்.

மாலை 4.45. ஆடி வெள்ளியாச்சே என்று வேன் திருவேற்காடு கோயில் வழியாகத் திரும்புவதாகச் சொன்னார்கள். கூட்டத்தில் மாட்டினால் மேனாம்பேடு போய்ச் சேர இரவாகிவிடும். நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று இறங்கிக்கொண்டேன். சேகர் சார் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னியப்பன் மட்டும், “யக்கா, பேசவே மாட்டன்னு பாத்தா, ஒரே பேச்சுல எனக்கு வாராவாரம் டூட்டி போட்டுட்டியே” என்றார்.

மெயின் ரோட்டில் ஆவடி பஸ்ஸுக்காக நின்றேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ் இரண்டு, நிற்காமலே போயின. அப்போது சந்திலிருந்து ஒரு மினி லாரி வந்தது. பின்னால் சிவப்பு நாற்காலிகள் அடுக்கி, கயிறு கட்டியிருந்தது. ஓட்டி வந்தவன் தேவா.

“இன்னாக்கா, இங்க நிக்கிற? ஊட்டுக்கா? ஏறு, ஏறு.”

ஏறினேன். முன் சீட்டில் ஊதுபத்தி வாசனை. காடுவெட்டிப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. ஆற்றின் மேல் வெயில் சாய்ந்திருந்தது. அந்தக் கம்பெனிக்கா நாற்காலி போட்டாய் என்று கேட்டேன்.

“ஆமாக்கா. மூணு தபா போட்டுட்டேன். யாரோ பாக்க வராங்கன்னா போன் வரும். ஆடி மாசம், கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கூழு ஊத்தறது ஞாயித்துக்கெழம. மத்த நாளு சேரு சும்மாதான கீது. ஒரு சேரு பத்து ரூபா, வண்டி வாடகை தனி.” பிறகு ஏதோ நினைவு வந்தவனாகச் சொன்னான். “உங்க கம்பெனி சாரு ஒருத்தரு, செவப்பா, கண்ணாடி போட்டுகினு, மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல எங்கிட்ட நம்பர் வாங்கினாரே. அடுத்த மாசம் முப்பது சேரு வேணுமாம்.”

எதிர்பார்த்ததுதான். ஆனாலும் கேட்டபோது கால் இரண்டும் வலிக்க ஆரம்பித்தது போலிருந்தது.

“அடுத்த மாசம் இல்ல தேவா. இனிமே வாராவாரம் வெள்ளிக்கிழமை. ரெண்டு கம்பெனிக்கும்.”

“நெஜமாவா?” ஸ்டியரிங்கைத் தட்டினான். “யக்கா, உன் வாய்க்குச் சக்கரதான் போடணும். ரெண்டு கம்பெனி, வாராவாரம், அறுபது சேரு...” பருத்திப்பட்டு வரை கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான். ஏரிக்கரையில் மாலை நடைக்கு வந்தவர்கள் கூடியிருந்தார்கள். அங்கே சிக்னலில் நின்றபோது திடீரென்று கணக்கை நிறுத்தினான்.

“இன்னாடா ஆச்சு?”

“வெள்ளிக்கெழமன்னா சொன்ன? ஆவணி பொறந்தா வெள்ளிக்கெழமல முகூர்த்தம் வருமேக்கா. எங்கிட்ட இருக்கறது எல்லாமே மண்டபத்துக்குப் போய்டும். கல்யாணக்காரன் சேரோட டேபிளு, பாத்திரம், லைட்டு எல்லாம் எடுப்பான். அவன உட்டுட்டு கம்பெனிக்கா போட முடியும்?”

“வேற பந்தல் கடைல எடுப்பாங்க.”

“முகூர்த்தத்துல அம்பத்தூர்லருந்து பூந்தமல்லி வரைக்கும் ஒரு கடைலயும் ஒரு சேரு கெடைக்காது. நீ வேணும்னா கேட்டுப் பாரு.” பச்சை விழுந்தது. கியரைப் போட்டுக்கொண்டே முணுமுணுத்தான். “அப்பறம் இன்னா பண்ணுவான்? சொந்தமா வாங்கிடுவான். போச்சு. நீ வெள்ளிக்கெழமன்னு ஏன்க்கா சொன்ன? புதன்னு சொல்லியிருக்கக் கூடாதா?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆவடியில் டாங்கி நிறுத்தி வைத்திருக்கும் இடத்தில் பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். திருமுல்லைவாயல் வரும்வரை தேவா வருத்தமாகவே ஓட்டினான். எனக்கு மட்டும் முகம் சிரித்தபடியே இருந்தது. அவனுக்குத் தெரியாமல் முந்தானையால் மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை மேஜைக்கு வந்ததும் கஸ்தூரி, “சேர் வருமா?” என்றாள்.

“மொதல்ல வாரத்துக்கு ஒரு நாள் வரும். ஆவணில முழுசா வரும்னு நெனைக்கிறேன்.”

“யாரு சொன்னா?”

“பந்தல்காரன்.”

என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தாள். ஆனால் ஆடியோடு நிற்கவில்லை. ஆவணி வரை பார்க்கிறேன் என்றாள்.

தேவா சொன்னபடியே நடந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை காலை எங்கள் செக்கிங்கில் அதே சிவப்பு நாற்காலிகள் இறங்கின. பூந்தமல்லியிலிருந்து ரெஜினாவும் இன்னொரு பெண்ணும் வந்து, ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமைகளில் கஸ்தூரி உட்கார்ந்தாள். சட்டையை மடியில் போட்டுப் பார்த்தாள். தப்பு ஒன்றும் கூடிவிடவில்லை. கண்ணும் சொக்கவில்லை. அதை சூப்பர்வைசரும் பார்த்தார்.

ஆவணியில் முதல் முகூர்த்த வெள்ளிக்கு முந்தின நாள் சேகர் சார் காலையிலிருந்து போனில் இருந்தார். மாலையில் கன்னியப்பன் வேனை எடுத்துக்கொண்டு பாடிக்குப் போனார். முதுகு வைத்த உயரமான புது ஸ்டூல்களை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். அந்த உயரத்துக்கு மேஜையில் விரித்தே பார்க்கலாம். கஸ்தூரி இப்போதும் எனக்கு எதிரில்தான் இருக்கிறாள். சூப்பர்வைசர் வந்தால் பாதி எழுந்து, பிறகு நினைவு வந்து உட்காருகிறாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கேன்டீன் சுவரில் இன்னும் பல படங்கள் இருக்கின்றன. ஒரு படத்தில் கழிவறைக் கதவு இருக்கிறது. எங்கள் கழிவறைக் கதவுக்கு இன்னும் தாழ்ப்பாள் வரவில்லை. தாழ்ப்பாளை யாரும் வாடகைக்குத் தருவதில்லை. என் வீட்டில் இரண்டு நாற்காலிகள் உண்டு, ஒன்றில் எப்போதும் துணி கிடக்கும், உட்கார வேண்டுமென்றால் துணியைத் தள்ளிவிட்டு உட்காருவேன், யாரையும் கேட்டதில்லை. ஒரு நாற்காலிக்காக ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, ஒரு தொண்டு நிறுவனம், இரண்டு ஊர், ஒரு ஆவணி முகூர்த்தம் எல்லாம் தேவைப்பட்டதை நினைத்தால் கொஞ்சம் அதிகம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் வந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை மறுபடி சென்னீர்குப்பம் போயிருந்தேன். இப்போது பன்னீரும் இல்லை, சந்தனமும் இல்லை. விருந்தினர் அட்டையை மட்டும் கொடுத்தார்கள். செக்கிங்கில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலிகள் சாம்பல் நிறம், உயரமானவை. ரெஜினாவின் மேஜைக்குப் பக்கத்தில் போனதும் என் அட்டையை நானே கழற்றிக் கீழே விட்டேன். குனிந்து பார்த்தேன்.

அடியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நிமிர்ந்தபோது ரெஜினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலியாக இருந்த பக்கத்து நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“இன்னாத்த தேடுற? குந்துக்கா. இது எங்களுது.”